கொடியில் கிடந்த உடுப்பு: தொற்றுக் காலத்து வதந்திகளைப் பிரித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

2020 மார்ச் மாதக் கடைசி. ஊரடங்கு போட்டு ஒரு கிழமை இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு வட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. "நான் டொக்டர் ஒராள் கதைக்கிறன். இண்டைக்கு இரவு பதினொரு மணிக்குப் பிறகு ஹெலியால கொரோனாவுக்கு மருந்து அடிக்கப் போறாங்கள். ஒருத்தரும் வெளியில இறங்க வேண்டாம். யன்னல் எல்லாம் பூட்டுங்கோ. கொடியில கிடக்கிற உடுப்புகளை உள்ளுக்கு எடுங்கோ." பின்னால் ஒரு குழந்தை சிணுங்குகிற சத்தமும் கேட்டது. என்னை விழுத்தியது அந்தச் சத்தம்தான். வீட்டுக்குள்ளிருந்து அவசரத்தில் பேசுகிற ஒரு தகப்பன் பொய் சொல்வாரா?

திருகோணமலைக்காரருக்கு ஹெலிச் சத்தம் புதிதில்லை. சீனக்குடாவில் விமானப்படைத் தளம் இருக்கிறது. தலைக்கு மேல் ஏதாவது பறந்துகொண்டேதான் இருக்கும். அன்றிரவும் ஒன்று பறந்தது. நான் உடுப்புகளை எடுத்தேன், யன்னலைப் பூட்டினேன், மெசேஜை மூன்று குரூப்புக்கு அனுப்பினேன். இத்தனைக்கும் நான் பார்மசியில் வேலை செய்கிறவன்.

பக்கத்து வீட்டு மாமிக்கு இழுப்பு இருக்கிறது. தகரக் கூரை வீடு. அன்றிரவு எல்லா யன்னலையும் பூட்டிக்கொண்டு புழுக்கத்தில் மூச்சுத் திணறியிருக்கிறார். கையிலிருந்த இன்ஹேலர் பம்ப் முடிந்துவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் என் வீடு; கூப்பிட்டிருந்தால் ஒரு பம்ப் எடுத்துக் கொடுத்திருப்பேன். வெளியில் இறங்கக் கூடாது என்று கேள்விப்பட்டபடியால் விடியும்வரை கதிரையில் குந்திக்கொண்டே இருந்திருக்கிறார்.

அதே ஹெலிக் கதை இத்தாலியில் இத்தாலிய மொழியிலும் இந்தியாவில் பல மொழிகளிலும் ஆபிரிக்க நாடுகளிலும் சுற்றியது என்று பிறகுதான் தெரிந்தது. பல ஊரில் கிட்டத்தட்ட அதே நேரம், அதே உடுப்பு. அன்றிலிருந்து கடையில் என் முன்னால் நீட்டப்படுகிற போன் திரைகளைப் பார்த்துப் பார்த்து நான் பழகிய முறையைத்தான் கீழே எழுதுகிறேன். கொரோனாவுக்காகப் பழகியது என்றாலும் டெங்குக்கும் எலிக்காய்ச்சலுக்கும் இதுதான் உதவுகிறது.

படி 1: பத்து நிமிடம் போனைக் கவிழ்த்து வையுங்கள்

இது சின்னப் படி. மெசேஜ் வந்ததும் ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். தேத்தண்ணி போடுங்கள். பிறகு வந்து மூன்றைப் பாருங்கள்: பேசுகிறவருக்குப் பெயர் இருக்கிறதா, இடம் இருக்கிறதா, திகதி இருக்கிறதா? "இண்டைக்கு இரவு" என்றால் எந்த இண்டைக்கு? திகதி இல்லாத மெசேஜ் சாகாது. 2020இல் பிறந்தது அடுத்த தொற்றிலும் எழும்பி வரும்.

வட்ஸ்அப்பில் மெசேஜுக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஐந்து கைக்கு மேல் மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். 2020 ஏப்ரலில் அந்த நிறுவனம் அப்படியான மெசேஜை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோதான் அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தியது. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? கொப்பி பண்ணி ஒட்டினார்கள். அம்புக்குறியும் போய்விட்டது. ஆகவே அம்புக்குறி இல்லை என்பதால் நம்பிவிடாதீர்கள்.

படி 2: செய்தியை விடுங்கள், அது சொல்கிற வேலையைப் பாருங்கள்

எல்லோரும் "இது உண்மையா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். இரவு ஒன்பது மணிக்கு, வைத்தியம் படிக்காத ஒருவர், ஒரு வைரஸைப் பற்றிய உண்மையைக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியமில்லை. அதைவிட லேசான கேள்வி ஒன்று இருக்கிறது. இதை நம்பினால் நான் என்ன செய்வேன்? எதைச் செய்யாமல் விடுவேன்?

ஒரு துண்டுக் கடதாசியில் இரண்டு வரி எழுதுங்கள். விளையாட்டில்லை, எழுதித்தான் பாருங்கள். ஹெலி மெசேஜுக்கு எழுதினால்: செய்வது, உடுப்பை எடுப்பது. செய்யாமல் விடுவது, வெளியில் இறங்குவது. முதல் வரியில் ஒரு நட்டமும் இல்லை. மாமியை விடியும்வரை இருத்தியது இரண்டாவது வரி.

கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள் என்று ஒரு மெசேஜ் வந்தால் செய்வது, கொத்தமல்லி குடிப்பது. தாராளமாகக் குடியுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். எங்கள் வீட்டிலும் அவிக்கிறோம். ஆனால் அதே மெசேஜின் கடைசியில் "ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லை" என்று ஒரு வால் இருந்தால், அந்த வாலுக்குத்தான் பயப்பட வேண்டும்.

செய்கிற வேலையே ஆபத்தாக இருப்பதும் உண்டு. சாராயம் வைரஸைக் கொல்லும் என்ற கதையை நம்பி 2020இல் ஈரானில் மெதனோல் கலந்த மதுவைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். நம் பக்கத்தில் அவ்வளவுக்குப் போகாவிட்டாலும் வேது பிடிக்கிறேன் என்று கொதிக்கிற பானையைச் சின்னப் பிள்ளையின் முன்னால் போர்வைக்குள் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆவி மூக்கடைப்புக்குக் கொஞ்சம் சுகம் தரும், வைரஸைக் கொல்லாது. பானை சரிந்தால் பிள்ளையின் மடி வெந்துபோகும்.

இனி, இரண்டாவது வரி எப்படி உயிரை எடுக்கும் என்பதற்கு டெங்கைச் சொல்கிறேன். 2017இல் நாடு முழுக்க 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது. அந்த வருட மார்ச்சில் கிண்ணியா பட்ட பாடு இந்த மாவட்டத்தில் ஒருவருக்கும் மறக்காது. பப்பாசி இலைச் சாறு மெசேஜ் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வரும். ஒரு நாள் ஒரு தகப்பன் போனை நீட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"தம்பி, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டுது. உடம்பு உளைவுக்கு மட்டும் ஒரு குளிசை தாங்கோ."

"எத்தினை நாள் காய்ச்சல் இருந்தது, அண்ணே?"

"நாலு நாள்."

"ரத்தம் பாத்தீங்களா?"

"இல்லை. பப்பாசி இலைச்சாறு குடுக்கிறம். இரத்தத் தட்டு, அதுதான் பிளேட்லட், ஏறுமாம்."

"பிள்ளை கடைசியா எப்ப சலம் போனது?"

அவர் யோசித்தார். யோசிக்க வேண்டியிருந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. குளிசை கொடுக்கவில்லை, முச்சக்கரவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிள்ளை சில நாள் வார்டில் இருந்து சுகமாகி வந்தது.

டெங்கில் ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் இறங்குகிற நேரத்தில். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும்போது சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியத் தொடங்கும். அந்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் கண்டம். வயிற்று நோ, ஓயாத சத்தி, இரத்தக் கசிவு, சோர்ந்து கிடப்பது, ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமல் இருப்பது, இதில் எது வந்தாலும் ஆஸ்பத்திரிதான். இலைச்சாறு இரத்தத் தட்டைக் கொஞ்சம் ஏற்றுகிறது என்று சில சிறிய ஆய்வுகள் சொன்னாலும், கசிவை அது நிறுத்துவதாக ஒருவரும் காட்டவில்லை. காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும். டைக்ளோபெனாக், ஐபுபுரூபன், அஸ்பிரின் மூன்றும் வேண்டாம். இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இலைச்சாறு குடிப்பதென்றால் இதையெல்லாம் செய்துகொண்டு, வைத்தியரிடமும் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

படி 3: உண்மை எவ்வளவு, ஒட்டு எவ்வளவு

முழுப் பொய் ஓடாது. ஓடுகிற வதந்தி எல்லாவற்றின் வயிற்றிலும் ஒரு சின்ன உண்மை இருக்கும். அதைத் தனியாக எடுத்து வைத்தால் மிச்சம் தானாகத் தெரியும்.

மீன் கதையை எடுங்கள். 2020 ஒக்டோபரில் பேலியகொட மீன் சந்தையில் கொத்தாகத் தொற்று வந்தது. அது உண்மை. அங்கே மனிதர் நெருக்கியடித்து நின்றார்கள், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியது. மீனிலிருந்து வந்தது என்பது ஒட்டு. அந்த ஒட்டால் மீன் விலை தரைக்கு வந்தது. நவம்பரில் முன்னாள் அமைச்சர் திலிப் வெதஆராச்சி ஊடகச் சந்திப்பில் பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. (அதுவும் நல்ல வழியில்லை. பச்சை மீனைக் கடித்து எந்த விஞ்ஞானமும் நிரூபணமாகாது. ஆனால் மனிதரின் தவிப்பு விளங்கியது.) திருக்கடலூரிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் கடலை நம்பியிருக்கிற வீடுகளில் அடுப்பு எரிவது மீன் விலையில்தான். அந்த நாட்களில் பிடித்ததை வாங்க ஆளில்லாமல் கருவாடு போட்டவர்களை நான் பார்த்தேன். அவித்த மீனைத் தின்று ஒருவருக்கும் கொரோனா வரவில்லை.

அடுத்தது "அதற்குப் பிறகு, ஆகவே அதனால்" வகை. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ஆம் திகதி தடுப்பூசி போட்டார், 16ஆம் திகதி மாரடைப்பு, 17ஆம் திகதி காலமானார். தமிழ் பேசுகிற எல்லா ஊரிலும் அன்றைக்கு ஒரே பேச்சு. நானும் கடையில் கலங்கித்தான் நின்றேன். நாம் சிரித்து வளர்ந்த முகம். ஆனால் அவருடைய இதயத்தின் முக்கியமான இரத்தக் குழாய் ஒன்று முழுதாக அடைபட்டிருந்தது என்று பார்த்த வைத்தியர்கள் சொன்னார்கள். பின்னர் இந்திய அரசின் குழுவும் ஆராய்ந்து ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்றது. கோடிக்கணக்கானோர் ஒரே மாதத்தில் ஊசி போடும்போது, எப்படியும் மாரடைப்பு வரவிருந்தவர்களும் அந்த வரிசையில் நிற்பார்கள். காகம் எத்தனை மரத்தில் இருந்தது, எத்தனையில் பழம் விழுந்தது, காகம் இராத மரத்தில் எத்தனை விழுந்தது என்று எண்ணித்தான் பார்க்க வேண்டும். அப்படி எண்ணியபடியால்தான் அஸ்ட்ராசெனெகா ஊசியால் மிக அரிதாக இரத்தம் உறைவதும், பைசர், மொடேர்னா வகை ஊசிகளால் இளம் ஆண்களுக்கு அரிதாக இதயத் தசை வீங்குவதும் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றை மறைக்கத் தேவையில்லை. "பக்கவிளைவே இல்லை" என்று சொல்கிறவரையும் நான் நம்புவதில்லை.

சில வதந்திகளுக்கு இவ்வளவு பாடும் தேவையில்லை, பள்ளிக்கூடக் கணக்குப் போதும். வைரஸ் 27 பாகை வெப்பத்தில் செத்துவிடும் என்று யுனிசெப் பெயரில் ஒரு மெசேஜ் வந்தது. அந்த நிறுவனம் அது தங்களுடையது இல்லை என்று மறுத்தது. மறுக்காவிட்டாலும் யோசியுங்கள்: நம் உடம்பே 37 பாகை. 27இல் சாகிற கிருமி 37இல் எப்படிக் குடியிருக்கும்? கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு வைத்துக்கொண்டு, சித்திரை வெயிலில் கருகுகிற நமக்கு அப்படியானால் கொரோனா வந்தே இருக்கக் கூடாது.

"பத்து செக்கன் மூச்சைப் பிடிக்க முடிந்தால் உங்களுக்குத் தொற்று இல்லை" என்பதைச் சிரித்துத் தள்ளாதீர்கள், அது பொல்லாதது. ஒட்சிசன் குறைந்த சிலர் மூச்சு வாங்காமல் சாதாரணமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். விரலில் மாட்டுகிற ஒட்சிமீற்றர்தான் அதைப் பிடித்துக் காட்டியது.

படி 4: எங்கே பிறந்தது என்று பாருங்கள்

நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இலங்கையில் தமிழில் சுகாதாரத் தகவல் பிந்தி வரும், குறைவாக வரும். அந்த இடைவெளியைத் தமிழ்நாட்டு மெசேஜும் கனடா, லண்டன் சொந்தக்காரரின் யூடியூப்பும் நிரப்பும். அவர்கள் வேண்டுமென்று பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. சென்னையில் சரியாக இருக்கிற தொலைபேசி இலக்கம் இங்கே அடிக்காது. அங்கே விற்கிற மருந்தின் பெயர் இங்கே வேறு. அங்கே திறந்த தடுப்பூசி நிலையம் இங்கே இல்லை. ஆகவே முதல் சோதனை மொழிநடை: "மாவட்ட ஆட்சியர்" என்று வந்தால் அது நம் நாட்டுச் செய்தி இல்லை, நமக்கு "அரசாங்க அதிபர்". "ஆரம்ப சுகாதார நிலையம்" என்று வந்தாலும் இரண்டாம் முறை பாருங்கள், நமக்கு எம்.ஓ.எச், அதாவது சுகாதார வைத்திய அதிகாரி, பணிமனை.

படம் வந்தால் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். வேறு நாட்டு நிலநடுக்கத்துச் சடலங்கள் கொரோனாச் சடலங்களாக வந்து நிற்பது வழமை. பெரிய மனிதர் சொன்னதாக வந்தால் அவர் எங்கே, எப்போது சொன்னார் என்று தேடுங்கள். 2021 மே மாதம், தடுப்பூசி போட்ட எல்லோரும் 2 வருடத்தில் இறந்துவிடுவார்கள் என்று நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு விஞ்ஞானி லுக் மொந்தான்யே சொன்னதாக ஒன்று சுற்றியது. அவர் நோபல் பரிசு பெற்றது உண்மை. தடுப்பூசித் திட்டத்தை விமர்சித்ததும் உண்மை. அந்த 2 வருடக் கூற்றை அவர் சொல்லவில்லை. கடைக்கு வருகிற ஒரு அம்மா அதைக் கேட்டுவிட்டு ஊசி போடாமலே இருந்தார். 2023 மே தாண்டியதும் நான் அவரிடம் கணக்குக் கேட்டேன். "அது மூண்டு வருசமெண்டும் சொல்லுறாங்கள், தம்பி" என்றார்.

படி 5: கேட்பதற்கு ஆள் வைத்திருங்கள்

இதை நோய் வருவதற்கு முன் செய்து வைக்க வேண்டும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பி.எச்.ஐ, யார்? குடும்பநல மாது யார்? இருவருடைய இலக்கத்தையும் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். கர்ப்பிணிகள், பிள்ளைகள் பற்றிய வதந்திக்குக் குடும்பநல மாதைப் போல் பதில் சொல்ல வேறு ஆளில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையின் நிறை கூட அவருக்குத் தெரியும். மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் கேள்வியெல்லாம் வேண்டாம், 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஆங்கிலம் வாசிக்கக்கூடிய ஒருவர் வீட்டில் இருந்தால் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடுகிற வாராந்த அறிக்கையை அவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். எந்த மாவட்டத்தில் எந்த நோய் எத்தனை பேருக்கு என்று அட்டவணை இருக்கும். திருகோணமலைக்கும் ஒரு வரி. "ஊரெல்லாம் பரவுதாம்" என்கிற பேச்சை அந்த ஒரு வரி அடக்கிவிடும், அல்லது உறுதிப்படுத்தும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் "மர்மக் காய்ச்சல்" என்று பேச்சு எழும்பியபோது எங்கள் ஊரிலும் பயந்தார்கள். சோதித்துப் பார்த்ததில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. பழைய நோய், மருந்துள்ள நோய். மர்மம் என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் "இன்னும் சோதனை முடிவு வரவில்லை" என்றுதான் பொருள்.

மூலிகை பற்றிய கேள்வி என்றால் யூடியூப்பை விட்டுச் சித்த வைத்தியரிடம் கேளுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. படித்த சித்த வைத்தியர் எவரும் "ஆஸ்பத்திரிக்குப் போகாதே" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

என்னைப் போல் பார்மசியில் நிற்கிறவர்களிடமும் கேட்கலாம், ஆனால் ஒரு புத்தியோடு. நாங்கள் விற்கிறவர்கள். 2021இல் ஐவர்மெக்டின் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அது புழுவுக்கும் சொறிக்கும் நல்ல மருந்து. கொரோனாவுக்கு உதவுமா என்று பிரேசிலில் 1,300க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதை அது குறைக்கவில்லை. சோதனைக்கு முன்னரே எத்தனை பெட்டி விலைப்பட்டது என்று எந்தப் பார்மசிக்காரரும் சொல்லமாட்டார்.

படி 6: மேலே இருக்கிறவர்களே பிழைவிட்டால்

"அரசாங்கம் சொன்னதை மட்டும் நம்புங்கள்" என்று எழுதி முடித்துவிடுவது லேசு. நம் நாட்டில் அப்படி எழுத எனக்கு மனம் வராது.

2020 டிசம்பரில் கேகாலைப் பக்கம் ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்த்து ஒரு பாணி காய்ச்சினார். காளி அம்மன் சொல்லிக் கொடுத்ததாம். தொற்றுக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அவர் வீட்டு வாசலில் முண்டியடித்தார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சி அதைக் கமராவுக்கு முன்னால் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று வந்தது.

அது பரவாயில்லை, சிரிக்கலாம். மற்றதற்குச் சிரிக்க முடியாது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, கொரோனாவால் இறந்த எல்லோரையும் எரித்தே ஆக வேண்டும் என்றது. புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். அதற்கு முன்னரே, மார்ச்சிலேயே, புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் சரி என்று உலக சுகாதார ஸ்தாபனம் வழிகாட்டல் கொடுத்திருந்தது. டிசம்பரில், பிறந்து 20 நாளிலேயே இறந்த ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் எரிக்கப்பட்டது. அதை எதிர்த்துப் பொரளை மயான வேலியில் ஆட்கள் வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் போனார்கள். 2021 பெப்ரவரிக் கடைசியில்தான் அந்த விதி மாறியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள என் முஸ்லிம் நண்பர்களுக்கு அந்தப் பதினொரு மாதம் எப்படிப் போனது என்று நான் கேட்பதில்லை. ஒரு வதந்திக்கு முத்திரை குத்தி வர்த்தமானியில் போட்டால் அது சட்டமாகிவிடுகிறது.

ஆகவே மேலிருந்து வருகிற கட்டளைக்கும் சோதனை வேண்டும். நான் வைக்கிற சோதனை இதுதான். எந்த வழியால் அது நடக்கும் என்று விளக்குகிறார்களா? இந்த வைரஸ் உயிருள்ள கலத்துக்குள்தான் பெருகும். ஆறடி மண்ணைத் தாண்டிக் கிணற்றுக்கு எப்படி வரும் என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? புதைத்துக்கொண்டிருந்தன. அந்த விதியின் பாரம் ஒரே சாரார் தலையில் இறங்குகிறதா? இறங்கியது.

அதே நேரம், கருத்தை மாற்றுகிறவர் எல்லோரும் பொய்யர் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனமே 2020 மார்ச் 28ஆம் திகதி கொரோனா காற்றால் பரவாது என்று அடித்துச் சொன்னது, அது பிழை. முகக்கவசம் பற்றிய அறிவுரையை ஜூன் 5ஆம் திகதி மாற்றியது. காற்று விஷயத்தை ஒத்துக்கொள்ள இன்னும் காலம் எடுத்தது. தாமதம்தான், ஆனாலும் மாற்றியது. ஹெலி மெசேஜ் போட்டவர் இன்றைக்கும் மாற்றவில்லை.

படி 7: யாரைக் குற்றம் சாட்டுகிறது?

மூன்று சமூகமும் கலந்து வாழ்கிற எங்கள் ஊரில் இந்தச் சோதனை லேசு. ஒரு வதந்தி வந்தால் மற்ற மொழிக்கார நண்பரிடம் கேளுங்கள், அவருக்கு என்ன வந்தது என்று. நான் ஒருமுறை சிங்கள நண்பர் ஒருவரின் போனையும் மூதூர் நண்பர் ஒருவரின் போனையும் என்னுடையதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கதை ஒன்றுதான்: "அவர்கள் வேண்டுமென்று நோயைப் பரப்புகிறார்கள்." ஒவ்வொரு போனிலும் "அவர்கள்" வேறு. மூன்று பேரும் தேத்தண்ணி ஆறும்வரை ஒன்றும் பேசவில்லை. ஒரு சாராரைக் காட்டுகிற மெசேஜை, அதிலுள்ள மருத்துவம் சரியாக இருந்தாலும், அனுப்பாதீர்கள்.

படி 8: வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது

குரூப்பில் வைத்துத் திருத்தாதீர்கள். "பெரியப்பா, இது பொய்" என்று நாற்பது பேருக்கு முன்னால் எழுதினால் அவர் பொய்யோடு ஒட்டிக்கொள்வார். அவருக்கு இனி அது மானப் பிரச்சினை. தனியே கோல் எடுங்கள். முதலில் அவர் சுகத்தைக் கேளுங்கள். பிறகு அவர் ஏன் அனுப்பினார் என்று கேளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு, நம்மில் உள்ள அக்கறையால்தான் அனுப்பியிருப்பார்.

என் பெரியம்மா வேப்பிலை வாசலில் கட்டி, மஞ்சள் தண்ணி தெளித்தால் கொரோனா வராது என்று நின்றார். நான் அதோடு சண்டை பிடிக்கவில்லை. "பெரியம்மா, முந்தி அம்மாள் வருத்தம் வந்தால் வேப்பிலை ஏன் கட்டினவங்கள்?" என்று கேட்டேன். "இந்த வீட்டில வருத்தம் இருக்கு, வராதைங்கோ எண்டு காட்டத்தான்." "அப்ப இப்பவும் கட்டுங்கோ. ஆனா ஆக்களை உள்ளுக்கு விடாதைங்கோ." ஒத்துக்கொண்டார். வேப்பிலை தொங்கியது, வாசலுக்கு வெளியே கதிரை போட்டார், ஒருவரும் உள்ளே போகவில்லை. பழைய ஆட்களிடம் தனிமைப்படுத்தல் என்ற சொல்தான் இல்லை.

முழு மெசேஜையும் தோற்கடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டாவது வரியை மட்டும் வெட்டுங்கள். கொத்தமல்லி குடிக்கட்டும், ஊசியும் போடட்டும்.

படி 9: நீங்களே அனுப்பிவிட்டால்

அழிப்பது பாதி வேலை. "எல்லோருக்கும் அழி" என்று கொடுத்தாலும் வாசித்தவர் மனதிலிருந்து அழியாது. எங்கெல்லாம் அனுப்பினீர்களோ அங்கெல்லாம் திருத்தம் போடுங்கள், சுருக்கமாக: "நேற்று நான் அனுப்பியது பிழை. ஹெலியில் மருந்து அடிப்பதில்லை. யன்னலைத் திறந்து வையுங்கள், காற்றோட்டம் நல்லது." பிழையான மெசேஜைத் திரும்ப ஒட்டாதீர்கள்; பாதிப் பேர் அதை மட்டும் வாசிப்பார்கள்.

நான் மூன்று குரூப்பிலும் போட்டேன். ஒன்றில் இரண்டு பெருவிரல் வந்தது. ஒன்றில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. மூன்றாவதில் இரண்டு கிழமை கழித்து அதே ஹெலி மெசேஜ் கனடாவிலிருந்து திரும்பி வந்தது.

குரூப்பில் இல்லாதவர்களுக்கு நேரில்தான் சொல்ல வேண்டும். ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்த நாள் ஒரு புதுப் பம்பும் எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன். மாமியிடம், அந்த மெசேஜ் பொய், அது அவருடைய மகளின் குரூப்புக்கு என்னிடமிருந்துதான் போனது என்று சொன்னேன்.

"தெரியும், தம்பி" என்றார். "மகள் போட்டுக் காட்டேக்க நான் கேட்டனான், ஆர் அனுப்பினது எண்டு. பார்மசித் தம்பி எண்டாள். அதுக்குப் பிறகுதான் எழும்பி யன்னலைப் பூட்டினனான்."